“இது யாரப் பத்தி?”: ஓர் ஆசிரியையின் கவிதைக்குப் பதில்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தோட்டத்தில் பிறந்தவள். வீடமைப்புக்காக நிலம் கைமாறியதும் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்தோம். லாரியில் இருபது நிமிடப் பயணம்தான். ஆனால் அம்மாவின் அம்மிக்கல்லுக்கு லாரியில் இடமில்லாமல் போனதை அவர் இன்னும் சொல்கிறார். காலை நாலரைக்கு எழும் பழக்கமும் போகவில்லை. எங்கள் பின்வரிசையில் ஒரு ரோஹிங்கியா குடும்பம் குடியிருக்கிறது. அவர்கள் பையன் என்னிடம் எழுத்துப் பழக வருகிறான். வாசலில் யாராவது தட்டினால் அந்த வீட்டில் முதலில் விளக்கை அணைக்கிறார்கள். யூ.என். அகதி கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசித் தொட்டிக்கு மேல் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக் கதையையும் சேர்த்து ஒரு கவிதை எழுதினேன். வாசகர் வட்டத்தில் நன்றாகக் கைதட்டினார்கள். அம்மா மட்டும் கேட்டுவிட்டு, “இது யாரப் பத்தி?” என்றார். எங்கே தவறு? எங்கள் அனுபவத்தை அகதிகளின் அனுபவத்தோடு சேர்த்து எழுதுவதே தப்பா? கவிதையின் தொடக்கம் இது:

வேரறுந்த மரங்கள் நாம்
விதி எறிந்த சருகுகள் நாம்
கண்ணீர்க் கடல் கடந்தோம்
கரை காணாப் படகானோம்
தாய்மண்ணே தாய்மண்ணே உன்
தழுவலுக்கு ஏங்குகிறோம்
மனிதமே நீ எங்கே
மரித்துவிட்டாயோ சொல்!

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மிக்கல் இருக்கிறது, நாலரை மணி இருக்கிறது, அணையும் விளக்கு இருக்கிறது, ஆணியில் தொங்கும் கார்டு இருக்கிறது. கவிதையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவை மரம், சருகு, கடல், படகு. நான்கு வரியில் நான்கு உருவகம். முதல் வரியில் மரமாக இருந்தவர் அடுத்த வரியில் காற்றில் பறக்கிறார், அதற்கடுத்து நீந்துகிறார், பிறகு தாமே படகாகிறார். கேட்பவர் மனத்தில் ஒரு படம் நிலைக்கும் முன் அடுத்தது வந்து அதை அழித்துவிடுகிறது. கைதட்டல் மோனைக்குக் கிடைத்தது: வேர்–விதி, கண்ணீர்–கரை, தாய்–தழுவல், மனிதம்–மரித்து. மேடையில் அது நன்றாகவே எடுபடும். உங்கள் அம்மா ஆளைத் தேடியிருக்கிறார். ஆள் அங்கே இல்லை.

முதலில் ‘நாம்’. தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் உள்ளே சேர்க்கும், ‘நாங்கள்’ வெளியே நிறுத்தும். மலாய்மொழியும் கீத்தா, காமி என்று இதே வேலியைப் போடுகிறது. அகதியைப் பற்றிய கவிதையில் இந்த வேலி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் முடிவு. உங்கள் ‘நாம்’ என்ற ஒரே கூரைக்குள் அம்மா, ரோஹிங்கியா குடும்பம், நீங்கள், கைதட்டிய வாசகர் வட்டம் எல்லாரும் நிற்கிறார்கள். அம்மா கடல் கடக்கவில்லை. பின்வரிசைக் குடும்பம் கடந்திருக்கலாம், ஆனால் அதை நீங்கள் அவர்களிடம் கேட்கவில்லை. வாசகர் வட்டம் வேரறுந்து நிற்கவில்லை.

இப்போது சேர்த்து எழுதலாமா என்ற கேள்வி. எழுதலாம். ஆனால் இரண்டும் ஒன்று என்ற எண்ணத்தில் எழுதக்கூடாது. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறி, திரும்ப முடியாமல் இருப்பவர் அகதி. மலேசியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் யூ.என். கார்டு வைத்திருப்பவருக்கும் இங்கே சட்டப்படியான வேலையுரிமை கிடையாது. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது, சமூகக் கல்வி மையங்களில்தான் படிக்கிறார்கள். ரோஹிங்கியாக்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். உங்கள் அம்மாவுக்கு நீல ஐ.சி. (குடிமக்களுக்கான அடையாள அட்டை) இருக்கும், வாக்கு இருக்கும், மகள் அரசு சம்பளம் வாங்குகிறார். இதை மறைத்துக்கொண்டு ‘நாம்’ என்றால் பின்வரிசைக் குடும்பத்தின் நிலைமை சிறுத்துப்போகும்.

ஆனால் உண்மையான ஒட்டுறவு ஒன்று இருக்கிறது, அது துயரத்தில் இல்லை, தாளில் இருக்கிறது. லயத்து வீடு தோட்டத்து வேலையோடு கட்டப்பட்டது. பெயர் செக்ரோலில் (தோட்டத்து ஆள்வரிசைப் பேரேட்டில்) இருக்கும்வரைதான் கூரை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சிவப்பு ஐ.சி.யோடு இருந்த தோட்டத் தொழிலாளர் பலர் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடலில் நிலம் கைமாறியபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதைத் தடுக்கத்தான் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆக, உங்கள் அம்மாவின் வீடும் பின்வரிசை வீடும் வேறொருவர் கையெழுத்தில் நின்ற வீடுகள். இந்த ஒரு புள்ளியில் அவை தொட்டுக்கொள்ளட்டும், மற்ற இடங்களில் விலகி நிற்கட்டும். ‘தாய்மண்ணே’ என்ற விளி இருவருக்குமே பொருந்தாது என்பதையும் பாருங்கள். ஒருவரது மண் கம்பெனியுடையது. இன்னொருவரிடம் ‘நீ இந்த மண்ணைச் சேர்ந்தவனே இல்லை’ என்று அரசாங்கமே சட்டம் போட்டுச் சொன்னது.

உங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் கொன்றதையடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில் ரப்பர்க் காட்டுக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள், கம்யூனிஸ்டுகள் கைக்குச் சேராதபடி சோறு வெளியே போகக்கூடாது. பால் வெட்டப் போகிறவள் பசியோடு போய் பசியோடு திரும்பினாள் என்பதற்கு உருவகம் எதற்கு? வயதானவர்கள் யாராவது இருந்தால் அந்த வாசலைப் பற்றிக் கேளுங்கள். சயாம்–பர்மா ரயில்பாதை (415 கிலோமீட்டர், 1942–43) போட ஜப்பானியரால் இழுத்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றிப் பாட்டிமார் சொன்னதையும் கேளுங்கள். உங்கள் தலைப்புக்கான கச்சாப்பொருள் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை.

இனி, கவிதை இதை எப்படிச் செய்கிறது என்பதற்கு வருவோம். நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஐந்தே அடி. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்றபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூறு 112 தருவது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

வகுப்பில் இதை உருக்கமாக வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அழுகை பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை. உவமை இல்லை. இருக்கும் பொருள்கள் நான்கு: நிலவு, தந்தை, குன்று, முரசு. நிலவு இரண்டு மாதத்திலும் மாறாமல் நிற்கிறது, அது மாறாததால்தான் மற்றவை மாறியது தெரிகிறது. முதல் மாதத்தில் தந்தை, பிறகு குன்று. இரண்டாம் மாதத்தில் வரிசை திரும்புகிறது: குன்று போனது, கடைசியில் தந்தை. வெற்றி அடைமொழி முரசுக்கு மட்டுமே, தங்களுக்கென்று அந்தப் பெண்கள் ஓர் அடைமொழியும் வைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று: குன்று பறிபோன பின்னும் அது ‘எம் குன்று’தான். உடைமை போனாலும் உரிமைச்சொல் போகவில்லை. அந்த ‘எம்’ எங்கே நிற்கிறது பாருங்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வரும். அந்தக் குறைந்த அடியின் விளிம்பில் ‘எம்’ தனியே தொங்குகிறது, குன்று அடுத்த அடியில் விழுந்து கிடக்கிறது. புதுக்கவிதை எழுதுபவர்கள் வரி முறிப்பதை ஏதோ நேற்று கண்டுபிடித்ததாக நினைக்கிறோம்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இதிலேயே இருக்கிறது: மாறாத ஒன்றை நிறுத்துங்கள், அதன் இரு பக்கமும் மாறியதை வையுங்கள். உங்களுக்கு அந்த நிலவு நாலரை மணி.

அந்த நாலரை மணிக்கு ஏற்ற ஓர் இலக்கண வசதியும் தமிழில் உண்டு. “அம்மா நாலரைக்கு எழுந்திருப்பாள், மங்கைத் துடைப்பாள்” (மங்கு: ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) என்பது வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லும், நாளை நடக்கப்போவதையும் சொல்லும். வடிவம் ஒன்றே. இடம்பெயர்ந்தவர் பேச்சில் நினைவும் எதிர்பார்ப்பும் கலந்தே வரும், இந்த வினைமுற்று அந்தக் கலப்பைத் தானே சுமந்துகொள்ளும். உங்கள் கவிதையில் ‘கடந்தோம்’, ‘ஆனோம்’ என்று முடிந்த வினைகளும் ‘ஏங்குகிறோம்’ என்ற அறிவிப்பும்தான் இருக்கின்றன. முடிந்த வினையை ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள், லாரி வந்த நாளுக்கு. மற்றதெல்லாம் ‘-வாள், -பாள், -உம்’ என்று ஓடட்டும். அந்த ஓரிடத்து இறந்தகாலம் அப்போதுதான் வெட்டாக விழும்.

அடுத்தது யார் பேசுவது என்பது. அம்மாவின் குரலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், கூடவே வாழ்ந்தவர். ரோஹிங்கியாத் தாயின் குரலில் ‘நான்’ என்று எழுதாதீர்கள். தெரியாத இடங்களைச் செய்தித்தாள் சொற்களால் அடைக்க வேண்டிவரும், படகும் புயலும் அப்படித்தான் உள்ளே வருகின்றன. தெரியாத தூரத்தை மறைக்காமல் எழுத வழி உண்டு. பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதியபோது அங்கே போனதில்லை. அதனால், தானே கேட்டதாகச் சொல்லவில்லை, காற்றிடம் முறையிட்டார்: “விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே!” கேட்டது காற்று, தான் இல்லை. அந்த நேர்மைதான் பாட்டைத் தாங்குகிறது. உங்களுக்குக் காற்றும் வேண்டியதில்லை, பின்வாசல் இருக்கிறது. அங்கிருந்து தெரிவதை மட்டும் எழுதுங்கள். விளக்கு அணைவது தெரியும், ஏன் என்பது அவர்களுடையது.

தாள் பற்றிச் சொன்னேன். அதையே கவிதையின் எலும்பாக்கியவர் மஹ்மூத் தர்வீஷ். பாலஸ்தீனத்தின் அல்-பிர்வா கிராமத்தில் 1941இல் பிறந்தவர். 1948இல் குடும்பம் லெபனானுக்கு ஓடியது, திரும்பி வந்தபோது ஊரே இல்லை. 1964இல் வந்த அவருடைய ‘அடையாள அட்டை’ கவிதையில் ஓர் அதிகாரியின் முன் நிற்பவன் பேசுகிறான்: எழுதிக்கொள், நான் அரபி, அட்டை எண் ஐம்பதாயிரம், பிள்ளைகள் எட்டு, ஒன்பதாவது கோடை முடிந்ததும் வரும். படிவத்தின் கேள்விகளே பத்திகளாகின்றன. அந்தக் கவிதையின் கோபம் அதன் சொற்களில் பாதிதான், மீதி படிவத்தின் வறட்சியில் இருக்கிறது. அவர் தொனியை நகலெடுக்க வேண்டாம், ஆயிரம் பேர் செய்து தேய்த்துவிட்டார்கள். ஆனால் வீட்டில் தோட்டத்து நோட்டிஸ் பழைய டின்னில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், வேலையில் சேர்ந்த தேதி, குடும்பத்தில் எத்தனை பேர், காலி செய்ய வேண்டிய நாள். அந்தத் தலைப்புகளை வரிசை மாற்றாமல் வைத்துக்கொண்டு, படிவம் கேட்காத பதிலை ஒவ்வொன்றின் கீழும் எழுதினால் ஒரு கவிதை கிடைக்கும். பன்னிரண்டு வரிக்கு மேல் போகவிடாதீர்கள், வித்தை தெரிந்துவிடும்.

ஈழத்துக் கவிதைகளையும் படியுங்கள். ‘மரணத்துள் வாழ்வோம்’ (1985), ‘சொல்லாத சேதிகள்’ (1986) இரண்டும் தொகுப்புகள். இரண்டாவது முழுக்கப் பெண்கள் எழுதியது. பின்னால் வந்த புலம்பெயர் கவிதைகளில் பனியைத் தள்ளிவைத்துவிட்டுப் படியுங்கள். முதலில் எழுதியவர்களுக்குப் பனி அனுபவம், பிறகு எழுதியவர்களுக்கு அது தோரணம். நம் பக்கத்தில் ரப்பர் மரமும் அந்த நிலைக்கு வந்துவிட்டது. ‘பாலாய்ச் சுரக்கும் மரம், இரத்தமாய்ச் சுரக்கும் தொழிலாளி’ என்ற இணை எத்தனை மேடையில் ஏறியிருக்கும்! தோட்டத்துப் பாட்டுப் பாடியவர்கள் இதைச் செய்யவில்லை. பாலுமரம் வெட்டக் கப்பலேறி வந்ததையும், நாற்பத்தைந்து காசுக்கு நட்டெலும்பு முறிவதையும் பாடினார்கள். காசுக் கணக்கு இருப்பதால் அந்தப் பாட்டு இன்றும் நிற்கிறது.

நீங்கள் தந்த பொருள்களை வைத்து ஒரு வரைவு போட்டுக் காட்டுகிறேன். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதற்கு மட்டும்.

கட்டில் ஏறியது
சாமிப்படம் ஏறியது
அம்மிக்கு இடமில்லை
இன்னொரு நடை வருவேன் என்றார் லாரிக்காரர்

நாலரைக்கு எழுந்திருப்பாள் அம்மா
பிரட்டுக்கு நேரமாகும்
விளக்கைப் போடுவாள்
பின்வரிசை வீட்டில்
அந்நேரம் யாரோ தட்டுவார்கள்
விளக்கு அணையும்

பத்து வரி. லாரிக்காரர் சொன்னது மட்டும் நேர்ப்பேச்சு, அவர் வந்தாரா என்று கவிதை சொல்லவில்லை. ‘பிரட்டுக்கு நேரமாகும்’ என்பதில்தான் காலம் குழம்புகிறது, இன்றைக்குப் பிரட்டே, அதாவது தோட்டத்துக் காலை ஆளெடுப்பே, இல்லை. அடிக்குறிப்பு வேண்டாம், பிரட்டு தெரியாத வாசகர் நாலரையை வைத்து ஊகித்துக்கொள்வார். இரண்டு விளக்குகளும் எதிரெதிராக நடந்துகொள்வதோடு நிறுத்தியிருக்கிறேன். அவற்றை ஒப்பிட்டு ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும், எழுதினால் மறுபடியும் ‘மனிதமே நீ எங்கே’ வந்துவிடும். எச்சரிக்கை ஒன்று: கட்டில், சாமிப்படம், லாரிக்காரர் பேச்சு உங்கள் கடிதத்தில் இல்லை, யாரோ தட்டியது நாலரைக்கா என்பதும் இல்லை, நான் சேர்த்தேன். நீங்கள் பார்க்காத நேரமென்றால் அந்த வரியை மாற்றுங்கள்.

மலாய்ச் சொற்களைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பையன் உங்களிடம் மலாய் கலந்துதான் பேசுவான். ஒரு கவிதைக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். அதுவும் சூழலிலேயே பொருள் விளங்குமானால் மட்டும். ‘சுராட்’ (கடிதம்) வைக்கலாம், கையில் தாளோடு வந்தால் எல்லாருக்கும் புரியும். அவன் தவறாக உச்சரிப்பதை அப்படியே எழுதிச் சிரிப்பு வாங்காதீர்கள்.

அந்தக் குடும்பத்திடம் பேசி எழுத நினைத்தால் சில ஒழுங்குகள் உண்டு. பையனை அவன் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பிள்ளை தாங்கக்கூடாததை அவன் வாயால் சொல்ல நேரும். வயது வந்த உறவுப்பெண் யாராவது இருந்தால் மட்டும் பேசுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். ‘என்ன நடந்தது’ என்று தொடங்க வேண்டாம். வந்த அன்று முதலில் என்ன சமைத்தீர்கள், பையில் என்ன இருந்தது, இங்கே எதை வாங்கப் பழக நாளாயிற்று என்று கேளுங்கள். கைகளுக்குத் தெரிந்ததைச் சொல்வது எளிது, கவிதைக்கும் அதுதான் வேண்டும். அவர்களாகச் சாவைப் பற்றிப் பேசினால் பேனாவை வைத்துவிட்டுக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு வேண்டாம். பதிவு கைமாறும்.

எழுதி முடித்ததும் அவர்களுக்குப் பொருள் சொல்லிக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்த வரி போக வேண்டியதுதான், எத்தனை நல்ல வரியாக இருந்தாலும் சரி. பெயர், கார்டு எண், வேலை செய்யும் இடம், வந்த வழி, தாமானின் பெயர் எதுவும் கவிதையிலும் வேண்டாம், வாசிக்கும் முன் நீங்கள் பேசும் முன்னுரையிலும் வேண்டாம். குடிநுழைவுச் சோதனை எப்போது வேண்டுமானாலும் வரும் வாழ்க்கை அது. கவிதைகள் பெரும்பாலும் முன்னுரையில்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. ‘என்னிடம் எழுத்துப் பழக வரும் பையன்’ என்று நீங்கள் சொன்னாலே வட்டத்தில் பாதிப் பேருக்கு வீடு தெரிந்துவிடும். ஆகவே அடுத்த முறை முன்னுரை இல்லாமல் வாசியுங்கள். உங்கள் ஊர் வட்டத்தில் படிக்கும் பிரதியில் ‘பின்வரிசை’யை ‘எதிர்வரிசை’ என்றோ ‘மூலைவீடு’ என்றோ மாற்றிவிடுங்கள், கவிதைக்கு அதனால் ஒன்றும் குறையாது. அம்மாவின் அம்மிக்கல்லை மட்டும் மாற்ற வேண்டாம்.